இதற்கு முன் எப்படி உண்டார்?

கேள்வி படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், பதினேழாவது வரியில் இருந்தது. "நோயாளி இதற்கு முன் எப்படி உண்டார்?" அதன் கீழே நான்கு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். கத்தியும் முள்கரண்டியும் என்றால் நான்கு. கரண்டி மட்டும் என்றால் மூன்று. கை என்றால் இரண்டு. பிறர் ஊட்டினால் ஒன்று.

கையை இரண்டாம் படியில் இறக்கி நிறுத்தியவர் யார்? எந்த மன்றம் கூடியது, யார் வாதாடினார், யார் தீர்ப்பெழுதினார்? பிறக்கும்போதே உடன்வந்த ஐந்து விரல்கள், கடையில் வாங்கிய உலோகத்துக்குக் கீழே என்று எந்த அறிவு அளந்து சொன்னது? கேட்க ஆளில்லை. அச்சடித்த காகிதத்தை எதிர்த்து நிற்க மனிதனுக்கு இன்னும் முதுகெலும்பு முளைக்கவில்லை. கட்டம் இருந்தால் நிரப்புகிறான். கோடு இருந்தால் கையெழுத்திடுகிறான்.

மகளும் நிரப்பினாள். முதல் கட்டத்தில் சரிக்குறி இட்டாள். அது பொய்.

அவளுடைய தகப்பனார் வாழ்நாளில் முள்கரண்டியைத் தொட்டவர் அல்லர். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிய செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் சுற்றினார். தெருவில் அவரைக் காயில்காரர் என்றால்தான் தெரியும். தண்ணீர் இறைக்கும் மோட்டார், மாவரைக்கும் மோட்டார், மின்விசிறி, எது வந்தாலும் முதலில் உள்ளங்கையை அதன் முதுகில் வைப்பார். சூட்டைக்கொண்டே நோயைச் சொல்வார். சோற்றிலும் அப்படித்தான். விரல் நுனி தொட்டுச் சம்மதித்த பிறகே கவளம் வாய்க்குப் போகும்.

பிறகு ஏன் அந்தப் பொய்? அதற்கு இரண்டாண்டு வயது ஆகியிருந்தது. வாகன உரிம அலுவலகத்தில் மகள் மேற்பார்வையாளராக உயர்ந்தபோது, உடன் வேலை செய்பவர்கள் ஓர் உணவகத்தில் விருந்து வைத்தார்கள். தேய்த்த சட்டையும் எண்ணெய் தடவிய தலையுமாகக் காயில்காரர் வந்தார். கை கழுவினார், அமர்ந்தார், கையால் உண்டார். ஒரு துளி சிந்தவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. மேலதிகாரி மட்டும், மிகுந்த அன்போடு, பரிமாறுபவரைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவருக்கு ஒரு ஸ்பூனாவது குடுங்கப்பா, பாவம்."

அந்தப் "பாவம்" மகளின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மறுநாளே அலுவலகத்தில் சொன்னாள்: "அன்னைக்கு அப்பாவுக்கு மணிக்கட்டு வலி. வீட்ல எப்பவும் கத்தி, ஃபோர்க்குதான்." ஒருமுறை சொன்னதை இருமுறை சொல்ல நேர்ந்தது. சொல்லச் சொல்ல அது அவள் வீட்டுச் சரித்திரமே ஆகிவிட்டது. ஆகவே ஒரு காலையில், வேலை மேசையிலேயே தகப்பனாரின் இடப்பக்கம் வாதத்தில் விழுந்துவிட, அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது, சேர்க்கைப் பிரிவு எழுத்தர் உரக்கக் கேட்ட கேள்விக்கு அவள் நாக்கு பழக்கப்பட்ட விடையையே சொன்னது. அருகில் துணைக்கு வந்த அலுவலகத் தோழிகள் இருவர் நின்றிருந்தார்கள். படிவத்தின் அடியில், "மேற்கண்டவை அனைத்தும் உண்மை, பொய்யெனில் நடவடிக்கைக்கு உட்படுவேன்" என்ற வரிக்குக் கீழே, பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஐந்து வாரம் கழித்து அந்தச் சரிக்குறி எழுந்து நின்று வழிமறித்தது.

விதி எளியது. காயில்காரரின் பேச்சு திரும்பிவிட்டது. கோல் ஊன்றி நடக்கிறார். இடக்கை மட்டும் இன்னும் எழவில்லை. வீட்டில் பகலெல்லாம் ஆள் இல்லை. மகள் அலுவலகத்தில், மருமகன் தொலைதூரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில். பகலில் ஆளில்லாத வீட்டுக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமானால், நோய்க்கு முன் எப்படி உண்டாரோ அப்படியே உண்ண வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் பராமரிப்பு இல்லம். மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது அது. அங்கே போன முதியவர்களில் திரும்பி வந்தவர் ஒருவரைக்கூட வார்டில் யாரும் அறிந்திருக்கவில்லை.

சோதனை வியாழக்கிழமை நண்பகல் என்று குறித்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே மகள் வீட்டிலிருந்து ஒரு கத்தியும் ஒரு முள்கரண்டியும் கொண்டுவந்தாள். திருமணப் பரிசாக வந்து, பெட்டி பிரிக்காமல் கிடந்தவை.

"எதுக்கு பாப்பா இந்தக் கூத்து?" என்றார் காயில்காரர்.

"இப்படித்தான் பாப்பாங்களாம்பா. வீட்டுக்குப் போகணும்ல?"

"போகணும். மூணு மோட்டார் பாதியில நிக்குது. ஆளுங்க திட்டிக்கிட்டு இருப்பாங்க."

"அப்போ பழகுங்க. முள்ளு இடது கையில, கத்தி வலது கையில."

அவர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "வலது கை முழிச்சுக்கிட்டு இருக்கு. இடது கை தூங்குது. தூங்கறவன்கிட்ட வேலையைக் குடுத்துட்டு, முழிச்சிருக்கறவனை அறுத்துப் போடச் சொல்றாங்க. யாரு யோசனை இது?"

இரண்டாம் நாள், அடுத்த படுக்கையில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் தலையைத் தூக்கினார். "என்ன பெரியவரே, ரெண்டு கையிலயும் ஆயுதம். யார் மேல படையெடுப்பு?"

"இந்த உருளைக்கிழங்கு மேலதான்யா. ரெண்டு நாளா முற்றுகை. சரணடைய மாட்டேங்குது."

"பின்னால வழியா போய்ப் பிடிங்க. எங்க பஸ்ல டிக்கெட் எடுக்காதவனை அப்படித்தான் பிடிப்போம்."

வார்டு சிரித்தது. மகளும் சிரித்தாள். சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவர் வாய் வெந்தது. நோய் விழுந்த இடக் கன்னத்தின் உட்புறத்தில் உணர்ச்சி இல்லை. முள்ளில் குத்திய துண்டு எவ்வளவு சூடென்று விரலுக்கும் தெரியாது, கன்னத்துக்கும் தெரியாது. விழுங்கியபின் தொண்டைதான் அலறியது. அன்றுமுதல் எதையும் வலக்கை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே குத்தினார்.

"தொடக் கூடாதுப்பா. தொட்டா எழுதிடுவாங்க."

"எழுதட்டும். வெந்தா யாரு வாய் வேகுது? அவங்க வாயா?"

நான்காம் நாள் ஒரு வேலை சொன்னார். "என் பெஞ்சுல ரெண்டாவது இழுப்பறையில வெள்ளை நாடா இருக்கும் பாரு. பருத்தி நாடா. கொண்டா." கம்பிச் சுற்றின்மேல் இறுக்கிக் கட்டும் நாடா அது. கொண்டுவந்தாள். முள்கரண்டியின் காம்பைத் தொடைகளுக்கு நடுவே செருகினார். நாடாவின் நுனியைப் பல்லில் கடித்தார். வலக்கையால் ஒன்றன்மேல் பாதி ஏறும்படி சுற்றிக்கொண்டே போனார். காம்பு கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. தூங்கும் இடக்கை அதைப் பிடித்தது. நழுவவில்லை. அன்று மாலை ஒரு முழு உருளைக்கிழங்கை நான்காக அறுத்து, நான்கையும் குத்தி எடுத்து உண்டார். கண்டக்டர் படுத்தபடியே இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் கொடுத்தார்: வண்டி புறப்படலாம் என்று.

மகள் வீட்டுக்குப் போய் அவர் அறையைக் கூட்டித் துடைத்தாள். படுக்கைக்குப் புது உறை மாட்டினாள்.

ஆனாலும் புதன்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. சோதனையை நடத்தவிருந்த மதிப்பீட்டாளரின் அறைக்குப் போனாள். அந்தப் பெண்மணி கொடியவர் அல்லர், களைத்தவர். மேசையில் ஆறிப்போன தேநீர், அதைச் சுற்றிலும் கோப்புகள்.

"மேடம், அந்தப் பதினேழாவது கேள்வி. நான் தப்பா போட்டுட்டேன். எங்க அப்பா கையாலதான் சாப்பிடுவார். எப்பவுமே."

மதிப்பீட்டாளர் நிமிர்ந்தார். "நாளைக்குச் சோதனை, இன்னைக்கு வந்து சொல்றீங்க. நீங்க மட்டும் இல்லம்மா. எல்லாரும் முதல் நாள்தான் வருவாங்க. போன வாரம் ஒருத்தர், எங்க அம்மா பொறந்ததுலேருந்தே நடந்ததில்லைன்னார். அந்த அம்மா நாட்டியம் சொல்லிக் குடுத்தவங்க."

"நான் சொல்றது நிஜம் மேடம்."

"இருக்கலாம். ஆனா சேத்த நாள்லேருந்து நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா திருத்தியிருக்கலாம். இப்போ அடிச்சுத் திருத்தினா செல்லாது. உங்களுக்குத் தெரியாதா? உரிம ஆபீஸ்னு போட்டிருக்கீங்களே."

தெரியும். நாள்தோறும் நாற்பது முறை அலுவலகக் கவுன்ட்டர் கண்ணாடிக்கு இப்புறம் இருந்து அவள் சொல்லும் சொற்கள் அவை. "அடிச்சுத் திருத்தினா செல்லாது. புதுசா எழுதிட்டு வாங்க." கண்ணாடிக்கு அப்புறத்தில் நின்றவர்களின் முகங்களை அவள் அதுவரை பார்த்ததில்லை. இப்போது தானே அப்புறத்தில் நின்றாள்.

வியாழன் வந்தது. சோதனை அறை சிறியது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் குடும்பத்தாருக்கு ஒரு முக்காலி. உள்ளே வந்ததும் காயில்காரர் சட்டைப் பையிலிருந்து நாடா சுற்றிய முள்கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். மதிப்பீட்டாளர் அதை ஒரு காகித உறையில் போட்டு மகளிடம் நீட்டினார்.

"வெளிப் பொருள் உள்ள அனுமதி இல்லைங்கய்யா. தொற்று விதி. எங்க செட்டுதான்."

"அதே முள்ளுதாம்மா. சட்டை மட்டும் போட்டிருக்கு."

"புரியுதுங்கய்யா. விதி." பிறகு மகளைப் பார்த்தார். "நீங்க பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது."

தட்டு வந்தது. வெந்த உருளைக்கிழங்கு, தடித்த முட்டை அடை ஒன்று, பட்டாணி. பக்கத்தில் வழுவழுப்பான எஃகுக் கத்தி. வழுவழுப்பான எஃகு முள்கரண்டி.

அவர் முள்ளை இடக்கைக்குள் வைத்து, வலக்கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கத்தியை எடுத்தார். உருளைக்கிழங்கை நெருங்கினார். முள் சுழன்று தட்டில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி மடக்கினார். அது மறுபடி விழுந்தது. பட்டாணி நான்கு திசையும் ஓடியது. ஒன்று மேசையைத் தாண்டி மகளின் காலடிக்கு வந்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்தால் சைகை ஆகிவிடுமோ என்று குனியவில்லை.

மூன்றாம் முறை முள் தரையில் விழுந்தது. காயில்காரர் விரல் நுனியால் உருளைக்கிழங்கைத் தொட்டார். மதிப்பீட்டாளரின் பேனா நகர்ந்தது.

"சூடு பாக்கறேம்மா," என்றார் அவர்.

"சரிங்கய்யா." பேனா நிற்கவில்லை.

அவர் சிறிது நேரம் தட்டையே பார்த்தார். பிறகு கத்தியையும் கீழே வைத்தார். "கை கழுவிட்டு வரலாமாம்மா?"

"சாப்பாட்டுக்கு நடுவுலயா?"

"கம்பி சுத்தற கைம்மா. கழுவிட்டுத்தான் சாப்பிடணும்."

மதிப்பீட்டாளர் மூலையில் இருந்த குழாயைக் காட்டினார். அதையும் எழுதினார். காயில்காரர் கோலூன்றிப் போய்க் கழுவி, வந்து அமர்ந்தார். பிறகு உண்டார்.

உண்டார் என்றா சொல்வது? நாற்பத்தைந்து ஆண்டு மயிரிழைச் செம்பை அறுந்துபோகாமல் சுற்றிய விரல்கள் அவை. உருளைக்கிழங்கு அழுத்தாமல் பிளந்தது. முட்டை அடை அளவெடுத்ததுபோல் துண்டானது. ஓடிப்போன பட்டாணிகளைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கின. உள்ளங்கையில் கறை இல்லை, உதட்டோரம் ஒழுகல் இல்லை, மேசையில் சிதறல் இல்லை. பதினோரு நிமிடத்தில் தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. எவன் உதவியும் இல்லாமல், எந்தக் கருவியும் இல்லாமல், பாதி உடல் உறங்கும் ஒரு மனிதன் தன் வயிற்றைத் தானே நிறைத்தான். இதைவிட என்ன சான்று வேண்டும் உலகத்துக்கு?

அவர் திரும்பி மகளைப் பார்த்து, பெருமையோடு தட்டைச் சாய்த்துக் காட்டினார்.

"ஐயா, நீங்க எப்பவுமே இப்படித்தான் சாப்பிடுவீங்களா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"ஆமாம்மா. எழுபது வருஷமா."

"கத்தி, முள்கரண்டி?"

"போன வெள்ளிக்கிழமைதாம்மா முதல்முதலா பிடிச்சேன்."

மதிப்பீட்டாளர் வேறொரு பக்கத்தைத் திருப்பினார். தலைப்பு, நினைவாற்றல். அங்கேயும் கட்டங்கள் இருந்தன. "முன்னாடி கத்தி, முள்கரண்டியில சாப்பிட்டதா எழுதியிருக்கு. உங்களுக்கு அது ஞாபகம் இல்லையா?"

"இல்லாததை எப்படிம்மா ஞாபகம் வச்சுக்கறது? யாரு எழுதினது?"

மகள் எழுந்துவிட்டாள். "அவர் சொல்றதுதான் உண்மை. நான்தான் பொய் எழுதினேன்."

மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உக்காருங்க. இதை நேத்து நீங்க என் அறையில சொன்னப்போ குடும்பத்து ஆசைன்னு விட்டுட்டேன். இங்க சொன்னா நான் எழுதணும். பொய் உறுதிமொழின்னு எழுதணும். விசாரணை வரும். உங்க ஆபீசுக்குக் கடிதம் போகும். அது முடியற வரைக்கும் இவர் இல்லத்துலதான் இருப்பார், அதுவும் மாறாது. இப்போ சொல்லுங்க. எழுதட்டுமா?"

மகள் வாயைத் திறந்தாள். எழுதுங்கள் என்று சொல்ல ஒரு கணம் போதும். அந்த ஒரு கணத்தில் அவள் கண்முன் அலுவலக வாசல் வந்தது, பதவிப் பலகை வந்தது, அன்போடு ஸ்பூன் கேட்ட மேலதிகாரி வந்தார். அந்தக் கணம் நீண்டது.

காயில்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தன்று தன்முன் வைக்கப்பட்ட ஸ்பூனை அவரும் மறக்கவில்லை போலும். மேசைமீது தலைகீழாய்த் தெரிந்த படிவத்தில் மகளின் கையெழுத்தைப் பார்த்தார். கீழே பதவி எழுதியிருந்ததையும் பார்த்தார்.

"எழுத வேண்டாம்மா," என்றார். "அவ சரியாத்தான் போட்டிருக்கா. நான்தான் மறந்துட்டேன். வீட்டுல கத்தி, முள்ளுதான். இப்பத்தான் ஞாபகம் வருது."

"அப்பா."

"நீ சும்மா இரு பாப்பா. பேசக் கூடாதுன்னு சொன்னாங்கள்ல?"

பேனா மறுபடி திறந்தது. உண்ணுதல்: நான்கிலிருந்து இரண்டு. நினைவாற்றல்: முன்னுக்குப் பின் முரண். பரிந்துரை: பராமரிப்பு இல்லம், உணவு மேற்பார்வையோடு ஊட்டப்பட வேண்டும். அந்தக் கடைசி வரியால், இரண்டாக இருந்த எண்ணும் ஒன்றாக இறங்கியது. தன் கையால் தட்டைக் காலி செய்தவரை, இனி உண்ணத் தெரியாதவர் என்று ஒரு கையெழுத்து அறிவித்துவிட்டது. பொய் சொன்னவள் வீட்டுக்குப் போகிறாள். மெய் சொன்னவர் நினைவிழந்தவராகிறார். அந்த அறையில் கெட்டவர் ஒருவரும் இல்லை.

காயில்காரர் வார்டிலிருந்து புறப்படும்போது கண்டக்டர், "கடைசி ஸ்டாப் வரைக்கும் போகாதீங்க பெரியவரே, நடுவுல எறங்கிடுங்க," என்றார்.

"கதவு எங்க இருக்குன்னு பாத்து வைக்கறேன்யா."

திங்கட்கிழமை இல்லத்தில் சேர்த்தார்கள். சேர்க்கை மேசையில் அதே படிவம் இருந்தது, அதே பதினேழாவது வரி. மகள் இம்முறை மூன்றாம் கட்டத்தில், கை என்ற இடத்தில், தாள் கிழியும்படி அழுத்திக் குறியிட்டாள். எழுத்தர் மருத்துவமனைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இது ஒத்துப் போகலையேம்மா. அவங்க போட்டதைத்தான் நாங்க ஏத்துக்க முடியும்." புதுத் தாள் எடுத்து, தானே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் நீட்டினார்.

நண்பகல் உணவு நேரம். நீண்ட கூடம், நீண்ட மேசை, இருபது முதியவர்களுக்குக் கழுத்தில் இருபது துண்டுகள். பணிப்பெண் ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து காயில்காரர் பக்கத்தில் அமர்ந்தாள். இளையவள், சிரித்த முகம். கரண்டியில் மொண்டாள்.

"வாயத் திறங்க ஐயா."

ஆவி பறந்தது. காயில்காரரின் வலக்கை, தானாக, கரண்டியை நோக்கி எழுந்தது. விரல் நுனி அதைத் தொடும் முன்பே பணிப்பெண் அந்தக் கையைப் பிடித்து, மென்மையாக மடியில் வைத்தாள்.

"கைய எடுங்க ஐயா. நான் இருக்கேன்ல?"

"சூடு," என்றாள் மகள். "அவருக்கு இடது பக்கம் தெரியாது. விரலால பாத்தாத்தான்..."

"எல்லாம் பாத்துட்டுத்தான்மா குடுக்கறோம். நீங்க கவலைப்படாம போய்ட்டு வாங்க. பஸ்ஸுக்கு நேரமாகுதுல்ல?"

கரண்டி உள்ளே போனது. அவர் விழுங்கினார். கண்ணில் நீர் தளும்பியது, துடைக்கவில்லை. மகளைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையசைத்தார்.

அவள் கைப்பையில், காகித உறைக்குள், நாடா சுற்றிய முள்கரண்டி இருந்தது. அதைக் கொடுக்கலாமா என்று கேட்க எண்ணி, கேளாமல், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது கரண்டி நெருங்கியது. மடியில் கிடந்த வலக்கையின் விரல்கள் ஒருமுறை விரிந்து, மூடின.